1227747: பழைய ஷெவி பிக்கப்பில் ஈசிஎம் மாற்றும்போது

ஷெவர்லே, ஜிஎம்சி முழுநீள பிக்கப்புகளில் 1987இல் டிபிஐ, அதாவது த்ராட்டில் பாடிக்குள்ளேயே பெட்ரோல் தூவும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. அன்றிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை 4.3, 5.0, 5.7, 7.4 லிட்டர் இன்ஜின்களில் பெரும்பாலானவற்றை ஓட்டியது ஒரே ஈசிஎம்தான், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. லேபிளில் 1227747 என்ற சர்வீஸ் எண் இருக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் சுருக்கமாக '7747' என்பார்கள். 1988க்குப் பிந்தைய சி/கே வரிசைப் பிக்கப்புகளில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை. சிக்கல் வேறு. மாற்றப்படும் ஈசிஎம்களில் நிறைய நன்றாகவே இருப்பவை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது, எதுவும் பிடிபடவில்லை என்றால் கடைசியில் பழி விழுவது கண்ணுக்குத் தெரியாத பெட்டியின் மேல். ஆகவே பெட்டியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் இங்கே அதிகம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். டேஷ்போர்டில் 'சர்வீஸ் இன்ஜின் சூன்' விளக்கு எரிய வேண்டும். ஓட்டுநர் பக்கம் டேஷுக்கு அடியில் ஏஎல்டிஎல் எனப்படும், கோளாறு பார்ப்பதற்கான 12 ஊசி கனெக்டர் இருக்கும். மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருப்பது ஏ, அதற்கு அடுத்தது பி. இரண்டையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். விளக்கு ஒருமுறை மின்னி, சற்று நின்று, இரண்டுமுறை மின்னும். அது கோடு 12, அதாவது 12 என்ற குறியீட்டு எண். மூன்று தடவை அதையே காட்டிவிட்டு, நினைவில் வைத்திருக்கும் கோளாறுகளை ஒவ்வொன்றாக மும்மூன்று தடவை காட்டும். கோடு 12 ஒழுங்காக வந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது, தன் புரோகிராமைப் படிக்கிறது என்று பொருள். 51 வந்தால் புரோகிராம் இருக்கும் ப்ராம் சிப்பில் கோளாறு, 52 என்றால் அதனுடன் பெட்டிக்குள் இருக்கும் கால்பேக் என்ற இன்னொரு சிப் இல்லை, 55 என்றால் ஈசிஎம்மே தன் கோளாறை ஒப்புக்கொள்கிறது. 14, 21, 33, 34 போன்றவை சென்சார் பக்கத்துச் சமாச்சாரம். அதற்காகப் பெட்டியைத் தொடாதீர்கள். கோடு 43, இன்ஜின் தட்டும் சத்தத்தை உணரும் நாக் சென்சாரின் சர்க்யூட்டுடையது. இந்த வண்டிகளில் அதற்கான ஈஎஸ்சி மாட்யூல் ஈசிஎம்முக்கு வெளியே தனியாக இருக்கிறது.

விளக்கே எரியவில்லையா? பல்பையும் ஃப்யூஸையும் பார்த்துவிட்டு, கனெக்டருக்குப் போங்கள். 7747க்கு இரண்டு கனெக்டர், ஒன்றில் 24 ஊசி, இன்னொன்றில் 32. பி1, சி16 என்ற ஊசிகள் இரண்டிலும் பேட்டரி 12 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். ஏ6இல் சாவி ஆன் செய்தால் 12 வோல்ட். ஏ12, டி1 இரண்டும் எர்த். ஆண்டுக்கும் மாடலுக்கும் சின்ன வேறுபாடுகள் உண்டு என்பதால் உங்கள் வண்டியின் வயரிங் படத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வெறும் மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் ஊசிக்கும் எர்த் ஊசிக்கும் நடுவே ஒரு சாதாரண டெஸ்ட் லாம்ப்பைப் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் சரி. மங்கினால் பெட்டிக்கு வரும் உணவிலேயே குறை. டெஸ்ட் லாம்ப் பவர், எர்த் வயர்களுக்கு மட்டும்தான். சென்சார் வயர்களில் அதை வைத்தால், நல்ல பெட்டியையும் நீங்களே கொன்றுவிடுவீர்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வி8 வண்டிகளில் ஈசிஎம்மின் எர்த் வயர்கள் போய்ச் சேருமிடம் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் போல்ட். யாரோ தெர்மோஸ்டாட் மாற்றுகிறார்கள், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது அந்த வளைய டெர்மினல்கள் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது சீலன்ட் பூசிய பரப்பின் மேல் முறுக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்த மறுநாளே வண்டி பைத்தியம் பிடித்தது போல் நடந்துகொள்ளும். டெர்மினலையும் போல்ட் உட்காரும் இடத்தையும் உலோகம் தெரியும்வரை சுரண்டி மாட்டுங்கள். ஈசிஎம் எர்த் ஊசிக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே, சாவி ஆன் செய்திருக்கும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. விலை உயர்ந்த பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டும் போகாத கோளாறு, இந்த ஒரு போல்ட்டில் தீர்வது வழக்கம்.

அடுத்தது சி14 ஊசி. சென்சார்களுக்கான 5 வோல்ட் அங்கிருந்துதான் போகிறது. 5க்குப் பதில் அரையோ ஒன்றோ வருகிறதா? டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், பிறகு மேப் (இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும்) சென்சாரைக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, அந்த சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். இரண்டையும் கழற்றியும் வரவில்லையென்றால், வயர் பாடியில் உரசி எர்த் ஆகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்போது பெட்டியைச் சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டிக்கு ஒரு சுலபமான வழி உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஸ்பார்க்கைக் கொடுப்பது ஈசிஎம் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூல். இன்ஜின் பிடித்து வேகம் எடுத்த பிறகுதான் டைமிங் பொறுப்பு ஈசிஎம்முக்குப் போகிறது. ஆகவே செல்ஃபில் ஸ்பார்க் இல்லையென்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழற்சியை உணரும் பிக்கப் காயில், மாட்யூல், இக்னிஷன் காயில் பக்கம் போங்கள். ஸ்பார்க் இருந்தால் ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டு த்ராட்டில் பாடிக்குள் எட்டிப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். இரண்டு இன்ஜெக்டரும் கூம்பு வடிவில் புகைபோலப் பெட்ரோல் தூவ வேண்டும். ஒன்று தூவி மற்றொன்று காய்ந்து கிடந்தால் கனெக்டர்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு கனெக்டரோடு இடம் மாறினால் வயர் அல்லது பெட்டிக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் பக்கம், அதே இன்ஜெக்டரில் நின்றால் இன்ஜெக்டர். இரண்டுமே தூவாவிட்டால் முதலில் பெட்ரோல் பிரஷரைப் பாருங்கள், பெரும்பாலும் 9 முதல் 13 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். பிரஷர் சரியாக இருந்தும் தூவாவிட்டால், இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும், மாட்யூலிலிருந்து வரும் ரெஃபரன்ஸ் சிக்னல் பெட்டிக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே பெட்டி. வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகு பிடித்துக்கொள்கிற வண்டியில் பம்ப் ரிலே போயிருக்கும். ஆயில் பிரஷர் ஏறியதும் ஆயில் ஸ்விட்ச் வழியாகப் பம்புக்குக் கரண்ட் போகிற மாற்று வழியை அதில் வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் தாண்டி பெட்டிதான் குற்றவாளி என்று முடிவானால், அதைக் கொன்றது எது என்று கண்டுபிடியுங்கள். பெட்டி தானாகச் சாவது குறைவு. ஈஜிஆர் (புகையை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) சொலினாய்டு, டிசிசி (கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச்) சொலினாய்டு, ஏர் (புகைப்பக்கம் காற்று செலுத்துவது) சொலினாய்டு, ரிலே இவற்றின் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிக் கரண்டை அதிகம் இழுக்கும். அதை ஆன் ஆஃப் செய்கிற டிரைவர் சிப் சூடாகிச் செத்துவிடும். ஜிஎம் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவு 20 ஓம். அதற்குக் கீழே காட்டும் எந்தக் காயிலையும் மாற்றிவிட்டுத்தான் புதிய பெட்டியை மாட்ட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தினால், புதியதும் அதே வழியில் போகும். இன்ஜெக்டர்கள் இந்தக் கணக்கில் சேராது, அவற்றின் ஓம் அளவே மிகக் குறைவு. கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் மழை நீரும் இன்னொரு கொலைகாரன். கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் ஒழுகலை அடைக்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

மாற்றுப் பெட்டி வாங்கும்போது 1227747 என்ற எண் மட்டும் ஒத்துப்போனால் போதும். எந்த இன்ஜின், என்ன கியர்பாக்ஸ் என்பதெல்லாம் ப்ராம் சிப்பில் இருக்கிறது. ஆகவே காயலான்கடையில் கிடக்கும் சபர்பனிலோ வேனிலோ இதே எண் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். உங்கள் ப்ராமையும் கால்பேக்கையும் அதற்குள் மாற்றிவிடுங்கள். 4எல்60-இ, 4எல்80-இ எலக்ட்ரானிக் கியர்பாக்ஸ் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் பெட்டி வேறு.

வேலை இதுதான். சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழற்றல். சைடு டெர்மினல் போல்ட்டுக்கு 8 மிமீ சாவி. கிளவ் பாக்ஸை இறக்கி, பெட்டியை பிராக்கெட்டிலிருந்து எடுங்கள். கனெக்டர்களை வயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அழுத்தி எடுங்கள். பாடியின் உலோகத்தை ஒருமுறை தொட்டு உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கிக்கொண்டு, மேல் மூடியைத் திறங்கள். உள்ளே பிளாஸ்டிக் கேரியரில் உட்கார்ந்திருக்கும் சிப்தான் ப்ராம். இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம் என மாறி மாறி நெம்புங்கள். ஒரே பக்கம் தூக்கினால் கால்கள் வளையும். ஊசிகளை விரலால் தொடாதீர்கள்.

புதிய பெட்டியில் வைக்கும்போது கேரியரின் ஒரு முனையில் இருக்கும் வெட்டுக்குறி சாக்கெட்டின் வெட்டுக்குறிக்கு நேராக வர வேண்டும். திருப்பி வைத்துச் சாவியை ஆன் செய்தால் ப்ராம் அந்த நொடியே செத்துவிடும். இந்த வேலையில் திருத்தவே முடியாத தவறு இது ஒன்றுதான். வைத்த பிறகு ஓரத்திலிருந்து டார்ச் அடித்து, ஒரு காலாவது சாக்கெட்டுக்குள் போகாமல் அடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் கேரியரின் இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கால்பேக்கும் அப்படியே.

எல்லாம் மாட்டிய பிறகு மீண்டும் பேப்பர் கிளிப். கோடு 12, வேறு கோடு குறுக்கிடாமல், நான்கு தடவையாவது சுத்தமாக வரட்டும். 51 வந்தாலோ, கோடு எதுவும் இல்லாமல் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, ப்ராம் சரியாக உட்காரவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். பழைய பெட்டியிலேயே 51 வந்திருந்தால், வாங்குவதற்கு முன் சிப்பை எடுத்து மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டு ஆக்சைடு படிந்த கால்கள் அதிலேயே சரியாகிவிடுவதுண்டு.

முதல் சில மைல்களுக்கு ஐட்லிங் ஏறி இறங்கும். பெட்டி புதிதாகக் கற்றுக்கொள்கிறது, ஐட்லிங் திருகைத் தொடாதீர்கள். டைமிங்கையும் பார்த்துவிட விரும்பினால், ஈசிஎம் டைமிங்கை மாற்றாமல் இருக்க, கறுப்புப் பட்டை போட்ட பழுப்பு நிற ஒற்றை வயரைக் கழற்றிவிட்டுத்தான் டைமிங் லைட் அடிக்க வேண்டும். 5.7இல் பெரும்பாலும் 0 டிகிரி, ஆனால் பானட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதே இறுதி. அப்படிக் கழற்றி இன்ஜினை ஓட்டினால் கோடு 42 பதிவாகும். வயரை மாட்டிவிட்டு, பேட்டரியை அரை நிமிடம் எடுத்து வைத்தால் அழிந்துவிடும்.

பழைய பெட்டியைக் கொடுத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கிற கடையில் வாங்கியிருந்தால், பெட்டியைப் பார்சல் கட்டுவதற்கு முன் மூடியை இன்னொருமுறை திறந்து பாருங்கள். கால்பேக்கை மறந்து உள்ளேயே விட்டு அனுப்பிவிட்டு, கோடு 52 ஏன் வருகிறது என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள்.