கருப்பு டீ-ஷர்ட்டில் அமெரிக்க அரசியல்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். எங்களுக்கு வரும் ஆர்டர்களில் ராக் இசைக்குழுக்களின் டீ-ஷர்ட்டும் உண்டு, எந்தக் குழு என்று சொல்லக் கூடாது, ஒப்பந்தம் அப்படி. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, பெரும்பாலும் கருப்பு, முன்னால் ஆல்பத்தின் படம், பின்னால் கச்சேரி நடக்கிற ஊர்களின் பட்டியல். பாட்டைக் கேட்பதற்கு முன்பே அந்தப் படத்துக்கு கலருக்கு ஒன்றாக எத்தனை ஸ்கிரீன் போகும், கருப்புத் துணியில் கலர் எடுக்க அடியில் வெள்ளை அண்டர்பேஸ் வேண்டுமா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். கிராக் பிரிண்ட் என்று ஒன்று இருக்கிறது. நேற்று அடித்த பிரிண்ட் பல வருஷம் துவைத்துப் போட்டதுபோல வெடித்துத் தெரிய வேண்டும், சரியாக வெடிக்கவில்லையென்றால் ஸ்ட்ரைக்-ஆஃப், அதாவது மாதிரி பிரிண்ட், திரும்பி வந்துவிடும். பழைய கலகக்காரன் தோற்றத்துக்கு இங்கே தனி ரேட்.

ஷிப்மென்ட் நேரத்தில் பேக்கிங் முடிகிறவரை ஆபீசிலேயே கிடக்க வேண்டியிருக்கும், அப்போது கேட்டுப் பழகியதுதான் இந்தச் சத்தமெல்லாம். அதில் மனதோடு ஒட்டிக்கொண்டது கிரீன் டே. கலிஃபோர்னியாக் குழு, 1987இல் தொடங்கியது. பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் அப்பா லாரி டிரைவர், அம்மா ஹோட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 2004இல், அதிபர் புஷ் மறுபடி தேர்தலில் நின்ற அதே வருஷம், 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். டி.வி. செய்திகள் ஜனங்களைப் பயத்திலேயே வைத்திருக்கின்றன என்ற கோபம் அதில் இருந்தது. 2023 டிசம்பர் 31 இரவு, தொலைக்காட்சிப் புத்தாண்டு நிகழ்ச்சியில் அதன் தலைப்புப் பாட்டைப் பாடும்போது ஒரு சொல்லை எடுத்துவிட்டு அங்கே அமெரிக்காவை மறுபடி உயர்த்துவோம் என்கிற டிரம்ப் ஆட்களின் கோஷத்தின் சுருக்கமான 'மாகா'வைச் செருகினார் ஆம்ஸ்ட்ராங். பெரிய செய்தியாகிவிட்டது. டீ-ஷர்ட் பாடி அதேதான், பிரிண்ட்டை மட்டும் மாற்றி ரிப்பீட் ஆர்டர் ஓட்டுவதுபோல. கிண்டலுக்குச் சொல்லவில்லை, இருபது வருஷம் கழித்தும் அளவு சரியாகப் பொருந்துகிறதே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், அவர்களுடைய 'சேவியர்ஸ்' ஆல்பம் வந்தது. 15 பாட்டு. அமெரிக்கக் கனவு என்னைக் கொல்கிறது என்று முதல் பாட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். வேலை போய்த் தெருவுக்கு வந்தவர்கள், சூப்பர் மார்க்கெட்டில் துப்பாக்கிச் சூடு, ஃபென்டனில் என்கிற போதை மருந்துப் பழக்கத்தில் விழுந்த பாட்டி என்று ஆல்பம் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். எனக்கு இது முந்தையதைவிட நெருக்கமாக இருக்கிறது. தலைவர்களைத் திட்டுகிற பாட்டு தேர்தல் முடிந்ததும் கொஞ்சம் வெளுத்துவிடும், வேலை போனவனைப் பற்றிய பாட்டு அப்படி வெளுப்பதில்லை. சில பாட்டு வெறும் இரைச்சல், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2025 ஆகஸ்ட் வரை இதையெல்லாம் வேறு நாட்டுச் சண்டை என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதம் 7ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீத வரி, 27ஆம் தேதி இன்னொரு 25. இரண்டாவது, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம். எண்ணெய் வாங்கியது யாரோ, ஓவர்லாக் மெஷின் நின்றது இங்கே. டிஸ்கவுன்ட் கேட்டு மெயில், ஆர்டரை நிறுத்தி வையுங்கள் என்று மெயில், தைத்து முடித்த சரக்கை எப்போது அனுப்புவது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய லைன் ஒரு ஷிப்டுக்கு வந்தது. பீஸ் ரேட் டெய்லர்களுக்கு அரை ஷிப்ட் போனால் வீட்டு வாடகை இடிக்கும். ஒடிசாப் பையன்கள் சிலர் தீபாவளிக்கு ரொம்ப முன்பே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த முதல் பாட்டைக் கேட்டபோது, யாருடைய கனவு யாரைக் கொல்கிறது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் கட்டிங் மாஸ்டரிடம் 'சேவியர்ஸ்' ஆல்பத்தின் அட்டையைச் செல்போனில் காட்டினேன். 1978இல் பெல்ஃபாஸ்டில் கலவரம் நடந்தபோது எடுத்த போட்டோவை மாற்றிச் செய்தது. முன்னால் ஒரு பையன் தோளைக் குலுக்கிச் சிரிக்கிறான்.

"பின்னாடி கலவரமா இருக்குது, இவனுக்கென்னுங் தம்பி சிரிப்பு?"

பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சம்பளத்தப் பத்தி ஏதாச்சும் வருதுங்களா?" என்றார்.

"என் காதுல பட்டவரைக்கும் இல்லீங்ணா."

"அப்பறம் என்னுங் பாட்டு அது!"

அவர் அப்படித்தான் கேட்பார். 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்த ஊரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது அவர் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பையன். சாயங்காலமானால் சங்கத்துக்காரர்கள் தப்படித்துப் பாடுவார்களாம், எத்தனை ரூபாய், எத்தனை பைசா என்று பாட்டிலேயே வருமாம். ஆனாலும் அவர் சொன்னதை நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டு கோரிக்கை மனுவாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நான் என்ன செய்வது என்று தோளைக் குலுக்குகிறவனும் நிஜமான ஆள்தான், ஆகஸ்டில் எங்கள் ஆபீஸ் முழுக்க அவன்தான் இருந்தான், நானும் சேர்த்து.

முதலாளித்துவத்தைத் திட்டிப் பாடிவிட்டு டீ-ஷர்ட்டை இந்த விலைக்கு விற்கிறார்களே என்று இசைக்குழுக்களைக் கேலி செய்பவர்கள் உண்டு. என்னால் அதில் சேர முடியாது. ஆன்லைனில் பாட்டு ஓடி வருகிற காசு பல குழுக்களுக்குக் கட்டுப்படியாகாது, டீ-ஷர்ட்தான் சோறு போடுகிறது, எங்களுக்கும்.

போன வாரம் ஒரு குழுவின் டூர் டீ-ஷர்ட்டுக்கு விலை கேட்டிருந்தார்கள். டார்கெட் விலை முந்தைய ஆர்டரைவிடக் குறைவு. படம், கோட்டும் தொப்பியும் போட்டுப் பணமூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு பன்றி. ஐந்து கலர். இந்த விலைக்கு நான்குதான் முடியும், பணமூட்டையின் பச்சையை எடுத்துவிடலாமா என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.