மறுபடியும் அக்ரோபோலிஸ்

நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிரேக்க இசையமைப்பாளர் யானியின் 'லைவ் அட் தி அக்ரோபோலிஸ்' கச்சேரி ஆல்பத்தை முழுக்கக் கேட்டேன். 1993 செப்டம்பரில், ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் உள்ள, 1,800 வருஷத்துக்கும் மேல் பழைய கல் அரங்கில் பதிவானது.

'விதின் அட்ராக்‌ஷன்' என்ற இசைத்துண்டு வந்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேரன் பிரிக்ஸ் வயலினில் ஒரு வரி வாசிக்க, அதுவரை ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்த ஷர்தாத் ரொஹானி தானே வயலினை எடுத்துப் பதில் சொல்கிறார். அவர் விட்ட இடத்தில் இவர் பிடிக்கிறார். எத்தனையாவது முறையோ, இன்னமும் சிலிர்க்கிறது.

யானி முறையாக இசை படித்தவரே இல்லை. தனக்கென ஒரு சுருக்கெழுத்தில்தான் எழுதுவார். அவர் மனசுக்குள் கேட்டதை ஓர் ஆர்கெஸ்ட்ராவே வாசிக்கிறது!

1997-ல் தாஜ்மஹாலிலும் வாசித்தார். ஆனால் என் மனசு இந்தக் கல் அரங்கில்தான்.

கேட்காதவர்கள் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்.