தாஸ்கா கட்டணம் 3,000 வெள்ளி: யார் வரிப் பாரத்தில் போடுவது?

மலேசிய வருமான வரியில், தாஸ்காவுக்கோ (குழந்தை பராமரிப்பு மையம்) தாடிகாவுக்கோ (பாலர் பள்ளி) கட்டிய பணத்தில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) அப்படியே கைக்குத் திரும்பி வரும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. வரிக்குரிய வருமானத்தில்தான் 3,000 வரை கழியும். எவ்வளவு வரி மிச்சமாகும் என்பது நீங்கள் எந்த வரிப்படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதம் 650 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 7,800 ஆகிறது, ஆனாலும் 3,000தான். 6 வயது வரையுள்ள இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் அதே 3,000தான். தனித்தனியாக வரிப் பாரம் (படிவம்) நிரப்பும் கணவன் மனைவியில் ஒருவர் மட்டுமே இதைப் போட முடியும்.

அந்த ஒருவர் யார்? சம்பளம் அதிகம் வாங்குபவர் போடட்டும் என்பார்கள். பல வீடுகளில் அது சரிதான். ஆனால் ஒருவருடைய வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியை ஒட்டி நின்றால் கணக்கு மாறிவிடும்.

செந்தூலில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 3 வயதில் ஒரு பிள்ளை. பிள்ளைக்கான 2,000 வெள்ளிக் கழிவை மனைவி எடுத்திருக்கிறார் (இது வேறு, தாஸ்கா கழிவு வேறு). இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) என எல்லாம் போக மனைவியின் வரிக்குரிய வருமானம் 71,500, கணவருக்கு 36,500. 2025ஆம் ஆண்டு விகிதப்படி மனைவிக்கு வரி 3,985, கணவருக்கு 690. மொத்தம் 4,675.

தாஸ்கா கழிவை மனைவி போட்டால் 70,000க்கு மேலுள்ள 1,500க்குத்தான் 19 விழுக்காடு மிச்சம். மீதி 1,500 அடுத்த படிக்கு இறங்கி 11 விழுக்காடாகிவிடும். 285, 165, ஆக 450 வெள்ளி.

கணவர் போட்டால்? 6 விழுக்காட்டில் 1,500, 3 விழுக்காட்டில் 1,500, ஆக 135தான் என்று தோன்றும். ஆனால் அவருடைய வருமானம் 33,500க்கு இறங்குகிறது. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி ரிபேட் (வரித் தள்ளுபடி) உண்டு. அது வரியிலிருந்தே நேராகக் கழியும். ஆகவே 690 கட்ட வேண்டியவர் 155 கட்டினால் போதும். மிச்சம் 535.

இன்னும் ஒரு படி போகலாம். 35,000க்குள் வர அவருக்கு 1,500 குறைந்தாலே போதுமே! பிள்ளைக்கான 2,000ஐ அவர் பாரத்துக்கு மாற்றிவிட்டு, தாஸ்காவின் 3,000ஐ மனைவி எடுத்தால் கணவருக்கு வரி 185, மனைவிக்கு 3,795. மொத்தம் 3,980, அதாவது 695 வெள்ளி மிச்சம். ஆசைப்பட்டு இரண்டையும் கணவரிடமே போட்டால் மொத்தம் 4,460 ஆகிவிடும். மைடேக்ஸில் (வரி வாரியத்தின் இணையதளம்) அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இந்த நான்கு கணக்கையும் தாளில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இனி ரசீது. தாஸ்கா என்றால் சமூகநல இலாகாவிலும் தாடிகா என்றால் கல்வி அமைச்சிலும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத பக்கத்து வீட்டு ஆண்ட்டி எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டாலும் அவருக்குக் கொடுத்த பணம் இதில் சேராது. ஆனால் வீட்டில் நடக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தாஸ்காவை ஒதுக்கிவிட மாட்டார்கள். ஒரே குடும்பத்தைச் சேராத, 4 வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொண்டாலே 1984ஆம் ஆண்டுக் குழந்தை பராமரிப்பு மையச் சட்டப்படி அது தாஸ்கா. பத்துப் பேருக்குள் இருந்தால் வீட்டுத் தாஸ்காவாகப் பதிவு செய்யலாம். பிள்ளையைச் சேர்க்கும் அன்றே பதிவுச் சான்றிதழைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். தாஸ்கா மூடிவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ரசீதில் பிள்ளையின் பெயர், மையத்தின் பெயர், பதிவு எண், கட்டிய தேதி இருக்கட்டும். பாரத்தோடு அனுப்ப வேண்டாம், ஆனால் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சான ரசீது ஓராண்டிலேயே வெளுத்துவிடலாம், நகல் எடுங்கள். திருப்பித் தரப்படும் டிபாசிட் செலவல்ல, அதைச் சேர்க்காதீர்கள். சீருடை, வேன் எல்லாம் ஒரே தொகையாக எழுதியிருந்தால் கட்டணத்தைத் தனியே பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.

முதலாளி நேராகத் தாஸ்காவுக்குக் கட்டிய பணமும் உங்கள் செலவில் வராது. 2024 முதல் அந்தச் சலுகையில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை ஏற்கெனவே வரியில்லை.