கல்வெட்டுக்கு முன்னால் மெஸ் பாக்கி

திருச்சபை நடத்தும் கல்லூரியில் படித்தவர்களுக்கு, கையில் நாலு காசு சேர்ந்ததும் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். உடனே நினைவுக்கு வருவது ஒரு கட்டடம், ஒரு நுழைவாயில், பேட்ச் பெயர் பொறித்த ஒரு கல். அதற்கு முன்னால் விடுதி அலுவலகத்துக்குப் போய் மெஸ் பாக்கி எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள் என்பதுதான் என் கட்சி.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து கல்லூரியாகி, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. 365 ஏக்கர் புதர்க்காட்டுக்கு நடுவே சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். ஹால் என்றால் அங்கே மாணவர் விடுதி. வகுப்பறையை மறந்தவர்கள்கூட ஹாலை மறப்பதில்லை. எந்த ஹால் என்பதுதான் முன்னாள் மாணவர்கள் சந்தித்தால் கேட்கும் முதல் கேள்வி. அந்த வாழ்க்கைக்கு அடிப்படை மூன்று வேளைச் சாப்பாடு.

தமிழ்நாட்டு விடுதிகள் பலவற்றில் மெஸ் நடப்பது டிவைடிங் சிஸ்டத்தில். அரிசி, மளிகை, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுப்பார்கள். ஒருவர் ஒரு நாள் சாப்பிட்டால் அது ஓர் ஆள்-நாள். செலவு 6 லட்சம், மொத்தம் 5,000 ஆள்-நாள் என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய். முறை நியாயமானதுதான். ஆனால் விடுமுறை நிறைய வரும் மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால் ஆள்-நாள் குறையும், சம்பளமும் கேஸும் அந்த அளவுக்குக் குறையாது. தினக் கட்டணம் ஏறிவிடும். அந்த மாதம் விடுதியிலேயே தங்குபவர்களில் பலர் ஊருக்குப் போய்வர பஸ் காசு இல்லாதவர்கள். ஏறிய கட்டணம் விழுவது அவர்கள் தலையில்.

அரசு உதவித்தொகை பெரும்பாலும் தாமதமாகவே வரும். அதற்குள் பாக்கி ஏறி, தேர்வு நேரத்தில் பாக்கி இல்லை என்று காட்டும் 'நோ டியூ' கையெழுத்துக்காக அந்தப் பிள்ளை அலைய வேண்டியிருக்கும். அரசு உதவி பெறும் பிரிவில் கல்விக் கட்டணம் சொற்பம். வீட்டாரைத் திணறடிப்பது மெஸ் பில். செமஸ்டருக்கு இருபது பேரின் பாக்கியைத் தீர்க்க ஒரு பேட்ச் முன்வந்தால், அதற்கு ஈடாக எந்த நுழைவாயிலையும் என்னால் சொல்ல முடியாது. யாருக்கு என்ற பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள். வார்டன் தேர்ந்தெடுக்கட்டும், உங்களுக்கு எண்ணிக்கையும் தொகையும் தெரிந்தால் போதும்.

முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் உதவும் அறக்கட்டளை வைப்புத்தொகைதான் வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000. இன்று ஒரு மாணவரின் ஓராண்டு மெஸ் செலவு 40,000 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஒருவருக்குக் காணும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பத்தே ஆண்டில் அந்த 40,000 ஏறத்தாழ 71,600 ஆகிவிடும். வட்டி அதே 35,000. ஐம்பது ஆண்டுக்கு முன் 5,000 ரூபாய் போட்டு ஏற்படுத்திய தங்கப் பதக்கத்துக்கு இன்று 350 ரூபாய் வருகிறதென்றால், அதில் முலாம் பூசக்கூட முடியாது. ஆகவே வட்டியில் கால் பங்கை முதலோடு சேர்க்க வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இது மூலநிதிக்கான, அதாவது செலவழிக்காமல் முதலாகவே வைக்க வேண்டிய, நன்கொடை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஆண்டின் சாதாரண வரவாகக் கணக்கில் ஏறிவிடும்.

இனி பணம் போகும் வழி. ரசீது யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். பல கல்லூரிகளின் சட்டப்படியான உரிமையாளர் ஒரு சங்கமோ அறக்கட்டளையோதான். கல்லூரியின் பெயருக்கு எழுதிய காசோலை திரும்பிவரலாம். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகையில் பொதுவாகக் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு, அதுவும் வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அறவே இல்லை. கல்லூரி தரும் ரசீது மட்டும் போதாது, வரிக் கழிவுக்கான 10பிஇ படிவச் சான்றிதழும் வேண்டும். அதற்கு உங்கள் பான் எண்ணை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். 80ஜி, 10பிஇ என்பவை பழைய சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அதிகம் சிக்கலாவது வெளிநாட்டுப் பணம். பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ டல்லாஸிலோ இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். சென்னைக் கிளையில் உள்ள தன் ரூபாய்க் கணக்கிலிருந்து கொடுத்தாலும் அப்படித்தான். அதை வாங்க, கல்லூரியை நடத்தும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்புக்கு உள்ள எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் விழ வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் வசூலித்து ஒருவர் மொத்தமாக அனுப்புவது இங்கேதான் வினையாகிறது. இந்தியக் குடிமக்கள் பணமும் அமெரிக்கக் குடிமக்கள் பணமும் ஒரே கணக்கில் கலந்து வந்தால், எது யாருடையது என்று கல்லூரி எதை வைத்துக் காட்டும்? அவரவர் தனித்தனியாக, பாஸ்போர்ட் விவரத்தோடு அனுப்ப வேண்டும். முன்னாள் மாணவர் சங்கம் தனிப் பதிவு பெற்ற அமைப்பு என்றால், அது வாங்கிய வெளிநாட்டு நன்கொடையைக் கல்லூரிக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. நேரே கல்லூரி அமைப்பின் கணக்குக்கே அனுப்புங்கள். அனுப்பிய அன்றே தேதி, தொகை, நோக்கம் குறிப்பிட்டு நிதியாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நோக்கம் தெரியாமல் வந்த பணத்தை எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரியாமல் அலுவலகம் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருக்கும், மெஸ் பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.