களம் காலியான பிறகு

கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றிய காலத்தில், புறம்போக்கு நிலங்களைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி சட்டப் புத்தகத்தில் இல்லாதது. சாலை, தெரு, ஆற்றுப்படுகை, ஏரி, வாய்க்கால் ஆகியவற்றில் பிறருக்கு உரிமை இல்லாதவரை அவை அரசின் சொத்து என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. ஆனால் ஊர் மக்களின் புழக்கம் நின்றுபோன நிலத்தை அந்தச் சட்டத்தால் மட்டும் காப்பாற்ற முடிவதில்லை.

ஆண்டுதோறும் வருவாய்க் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்திக்கு முன் பதிவேட்டை வைத்துக்கொண்டு புலம் புலமாக நடந்தால் இது விளங்கும். மயானப் பாதையை எவரும் தொடுவதில்லை. தம் வீட்டுச் சாவும் அவ்வழியேதான் போக வேண்டும். கதிரடிக்கும் பொதுக் களமோ, அறுவடை இயந்திரம் வந்து நெல் வயலிலேயே பிரிந்து விழத் தொடங்கிய பின் ஆளற்றுக் கிடந்தது. முதலில் ஒரு வைக்கோல் போர், அடுத்து மாட்டுக் கொட்டகை, பிறகு செங்கல் சுவர். மாடுகள் குறைந்த ஊர்களில் மேய்க்கால் நிலத்துக்கும் இதே கதிதான்.

ஆக்கிரமிப்பைக் கண்டால் நாங்கள் 'பி மெமோ' என்னும் ஆக்கிரமிப்பு அறிக்கை போடுவோம். அதன்பேரில் விதிக்கப்படும் தண்டத்தீர்வையைக் கட்டியவர் அந்த ரசீதைப் பத்திரம்போல் பெட்டியில் பூட்டிவைத்து, பின்னாளில் பட்டா கேட்டு மனுவோடு இணைப்பார். குற்றத்துக்கான தண்டமே உரிமைக்கான சான்றாகக் காட்டப்படும் இந்த விநோதத்தை வேறெந்தத் துறையிலும் நான் கண்டதில்லை.

பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்து ஊர்க்குளம் ஒன்றைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், நெடுங்காலம் அனுபவித்து வந்ததோ கட்டிய வீடோ ஆக்கிரமிப்பை நியாயப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கு அரசு முறைப்படி ஒதுக்கிய இடங்களை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் அதில் உண்டு. நடைமுறையில் குடிசை முதலில் அகற்றப்படும். ஏக்கர் கணக்கில் பட்டா இருந்தும் வரப்பை நகர்த்தியவர் தடையாணை பெற்றுவிடுவார். இது எனக்கு என்றும் உறுத்தலாகவே இருந்தது.

அகற்றிய நிலத்தில் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுத் திரும்புவதும் வீண்வேலை; புழக்கம் இல்லையென்றால் அடுத்த பருவத்திலேயே அங்கே முள்வேலி முளைக்கும். களத்தின் தேவையும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. உளுந்தையும் கேழ்வரகையும் தார்ச்சாலையில் பரப்பி, பேருந்துச் சக்கரங்களை நம்பி விவசாயிகள் காத்திருக்கிறார்கள். இரவில் அந்தக் குவியலில் இருசக்கர வாகனங்கள் சறுக்கி விழுவதால் சாலையை மறிக்காதீர்கள் என்று எச்சரிக்க நானும் போயிருக்கிறேன். களம் எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது, பதிவேட்டிலுள்ள புல எண்ணை மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது.