வெள்ளி போகாது, சீட்டுதான் போகும்

சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அம்மாபேட்டையில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுவேன். சனிக்கிழமைகளில் பட்டறைக்கே போய், அவர்கள் அதைப் பயன்படுத்துவதை அருகில் நின்று பார்ப்பேன்.

கொலுசு ஒரே இடத்தில் உருவாவதில்லை. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள். இன்னொரு வீட்டில் வளையம் கோப்பார்கள், வேறொரு வீட்டில் பற்றவைப்பார்கள், மெருகு போடுவது மற்றொருவர். ஒவ்வொரு கை மாறும்போதும் எடை போட்டு, எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), வாங்கியவர் பெயர் என்று ஒரு சீட்டு எழுதுவார்கள். திரும்பி வரும்போது மறுபடியும் எடை. குறைந்தது சேதாரக் கணக்கில் ஏறும்.

அந்தப் பட்டறையின் கணக்குப்பிள்ளைக்கு அறுபதைத் தாண்டிய வயது. முதல் நாளே எனக்குத் தெளிவாகச் சொன்னார்: "பெட்டி பெட்டியாகத் திறந்து எழுத என்னால் முடியாது, தம்பி. பொட்டலத்தை மேசையில் தள்ளிக் கொடுப்பதுபோல் இருக்க வேண்டும்." அதனால்தான் இரண்டு சாளரங்கள் வைத்தேன். இடப்பக்கம் எடை போட்ட பொட்டலங்கள், வலப்பக்கம் வேலையாட்களின் பெயர்கள். பொட்டலத்தைச் சுட்டியால் பிடித்து, பெயரின் மேல் கொண்டுபோய் விட்டால் சீட்டு முடிந்தது.

சி ஷார்ப் என்ற நிரல்மொழியில், விண்டோஸ் சாளரங்களைக் கட்டும் வின்ஃபார்ம்ஸ் என்ற கருவித்தொகுப்பில் எழுதினேன். இழுத்தலைத் தொடங்கும் டூடிராக்டிராப் என்ற ஒரு வரியில், பொட்டலத்தின் விவரங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் என் பொட்டலப் பொருளை அப்படியே கொடுத்தேன். முதல் தடங்கல் அங்கேயே வந்தது. பொட்டலம் என்ற அடிப்படை வகுப்பிலிருந்து (வகுப்பு என்பது பொருளை வார்க்கும் அச்சு) கம்பிப் பொட்டலம், வளையப் பொட்டலம் என்று கிளை வகுப்புகள் வைத்திருந்தேன். விடும் பக்கத்தில் "பொட்டலம் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வந்தது. காரணம் எளியது. இழுக்கும்போது தரவைச் சுமக்கும் தரவுப் பொதிக்குள் பொருளின் மேல் ஒட்டப்படுவது அதன் உண்மையான வகுப்பின் முழுப்பெயர். அந்தப் பொதி பெயரைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும், பரம்பரையை விசாரிக்காது. கம்பிப் பொட்டலம் என்றே கேட்டிருந்தால் கொடுத்திருக்கும். நானே ஒரு பெயரைச் சூட்டி அந்தப் பெயரால் கேட்டபோது சிக்கல் தீர்ந்தது.

ஆறு மாதம் நன்றாக ஓடியது. பிறகு தராசை நேரடியாகக் கணினியில் இணைத்தோம். தராசின் கம்பி தளர்ந்தால் மொத்த மென்பொருளும் உறைந்து நின்றது. எடை போடும் பகுதியைத் தனி நிரலாகப் பிரித்துவிட்டேன். திரையில் பார்த்தால் அதே இரண்டு சாளரங்கள்தான். ஆனால் உள்ளே அவை இப்போது இரண்டு தனித்தனிச் செயல்முறைகள், அதாவது தனித்தனியாக ஓடும் இரண்டு நிரல்கள். பொட்டலத்தை இழுத்து விட்டால், அந்தப் பெயரில் பொருள் இருக்கிறது என்று தரவுப் பொதி சொல்கிறது. பொருளைக் கொடு என்றால் வெறுமை வருகிறது.

ஒரு மாலை முழுவதும் அதிலேயே கிடந்தேன். விடை பட்டறையிலேயே என் கண் முன்னால் இருந்தது. ஒரே செயல்முறைக்குள் இழுத்து விடும்போது பொருள் எங்கும் நகர்வதில்லை, அது இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே கை மாறுகிறது. ஒரே கூரையின் கீழ் அப்பா மகனிடம் "அந்தத் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்பதுபோல. செயல்முறை மாறினால் நினைவகமே வேறு. பக்கத்து வீட்டுக்காரரிடம் "என் தட்டில் இருக்கிறது" என்றால் அவர் எப்படி எடுப்பார்? பொருளைப் பைட்டுகளாக எழுதித்தான் அனுப்ப வேண்டும். என் வகுப்பை அப்படி எழுதும் ஏற்பாட்டை நான் செய்திருக்கவில்லை.

வகுப்பின் தலையில் சீரியலைசபிள் (பைட்டுகளாக எழுதலாம்) என்ற குறிப்பைச் சேர்த்தால் ஓடும் என்று பலர் சொல்வார்கள். சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டாட்நெட்டின் பழைய பதிப்புகளில் ஓடும். பைட்டுகளாக எழுதும் அந்த வேலையை உள்ளே செய்தது பைனரிஃபார்மேட்டர் என்ற பகுதி. பாதுகாப்பற்றது என்று நெடுங்காலம் எச்சரிக்கப்பட்ட அது, 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-இல் இயங்காதபடி அகற்றப்பட்டுவிட்டது. இனி அந்த வழியில் யாரும் புதிதாக எதையும் கட்டக் கூடாது என்றே நினைக்கிறேன்.

நான் செய்தது இதுதான். பொட்டலத்தை அனுப்புவதை விட்டுவிட்டு, பொட்டல எண்ணை மட்டும் அனுப்பினேன். அனுப்பும் தரவின் வடிவத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர், அதன் இறுதியில் பதிப்பு எண். உள்ளே ஒரு மெமரிஸ்ட்ரீம் (நினைவகத்தில் பைட்டுகளை வரிசையாக வைக்கும் இடம்), அதில் முதலில் நீளம், பிறகு எண். நீளத்தை எழுத மறக்க வேண்டாம். விண்டோஸ் ஒதுக்கும் நினைவகத் துண்டு நாம் கேட்ட அளவைவிடப் பெரிதாக இருக்கலாம், அப்போது மறுமுனையில் வாலில் குப்பை சேரும். எண்ணைப் பெற்ற சாளரம் தரவுத்தளத்தில் மற்றதைப் படித்துக்கொள்ளும்.

வெள்ளி விஷயத்தில் இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரே பொட்டலம் இரண்டு பேர் கணக்கில் இருக்கக் கூடாது, யார் கணக்கிலும் இல்லாமலும் போகக் கூடாது. பெறும் சாளரம் முதலில் தரவுத்தளத்தில் பதிவை முடித்துவிட்டு, அதன் பிறகே 'நகர்த்தல்' என்ற விளைவைத் திருப்பிச் சொல்கிறது. டூடிராக்டிராப் விடுதல் முடியும் வரை காத்திருந்து அந்த விளைவைக் கொண்டுவரும். அது 'நகர்த்தல்' என்று வந்தால் மட்டுமே இடப்பக்கப் பட்டியலிலிருந்து வரியை எடுக்கிறேன். இடையில் மின்சாரம் போனால்? அடுத்த முறை திறக்கும்போது தரவுத்தளம் சொல்வதே பட்டியல்.

இதற்குப் பிறகும் ஒரு சனிக்கிழமை எதுவும் நகரவில்லை. எந்தப் பெயரின் மேல் கொண்டுபோனாலும் தடைக்குறி. என் நிரலில் ஒரு நிகழ்வுகூட எழவில்லை. கணக்கு நிரலை யாரோ நிர்வாகி உரிமையுடன் திறக்கும்படி அமைத்திருந்தார்கள். விண்டோஸ் விஸ்டா காலம் தொட்டு, உரிமை குறைந்த நிரலிலிருந்து உரிமை கூடிய நிரலுக்கு இழுத்து விடுவதை விண்டோஸ் தடுக்கிறது. அந்த அமைப்பை எடுத்ததும் சரியானது.

நான் அதிகம் யோசித்தது கணக்குப்பிள்ளையின் கையைப் பற்றித்தான். அவர் விரல்கள் லேசாக நடுங்கும். சுட்டி எவ்வளவு நகர்ந்தால் இழுத்தலாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு விண்டோஸின் வழக்கமான அளவு 4 பிக்சல். வெறுமனே சொடுக்க நினைத்தாலே அவருக்குப் பொட்டலம் கிளம்பிவிடும். வின்ஃபார்ம்ஸில் அந்தச் சோதனையை நாமே எழுதுவதால் 14 ஆக உயர்த்தினேன். அன்று அவர் ஒரு மணி நேரம் தவறில்லாமல் வேலை பார்த்ததைக் கண்டபோது வந்த மகிழ்ச்சி பெரிது.

போன வாரம் அவர் இன்னொன்று கேட்டார். பொட்டலம் ஒரு பெயரின் மேல் நிற்கும்போதே, அந்த வேலையாளிடம் ஏற்கெனவே நிலுவையில் உள்ள வெள்ளி எவ்வளவு என்று தெரிய வேண்டுமாம். இழுத்துக்கொண்டிருக்கும்போது எழும் டிராக்ஓவர் நிகழ்வு பல முறை வரும். ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தட்டினால் சுட்டி திணறும். அதனால் கடைசியாகப் பார்த்த வரியை நினைவில் வைத்து, வரி மாறினால் மட்டும் எடையை எடுக்கிறேன். வரும் சனிக்கிழமை கொண்டுபோகிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார், போட்டுவிட்டேன்.