கணக்கில் வராத ஓட்டங்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் விடியற்காலையில் காப்பியோடு அமர்ந்து அமெரிக்கப் பேஸ்பால் பார்ப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த ஆட்டத்தில் என்னை ஈர்த்தவை எண்களே. 1941-இல் மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் எட்டிய, பத்து வாய்ப்பில் நான்குக்குச் சற்று மேல் வெற்றிகரமாக அடித்ததைக் குறிக்கும் .406 என்ற சராசரியை அதன் ரசிகர்கள் குலதெய்வத்தின் பெயரைப் போல உச்சரிப்பார்கள். 2015-இல் ஸ்டாட்காஸ்ட் என்ற பந்தைப் பின்தொடரும் கணினி அமைப்பு வந்தபின், மட்டையிலிருந்து பந்து புறப்படும் வேகமும் கோணமும் அளக்கப்படுகின்றன; அவை பயனுள்ளவைதாம், ஆனால் எனக்கு அவற்றின்மேல் பாசம் வரவில்லை.

என்னை உலுக்கியது வேறொன்று. நிறவெறியால் மேஜர் லீக் எனும் உயர்மட்டப் பேஸ்பால் போட்டிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் பதிவுகளை, பழைய செய்தித்தாள்களில் சிதறிக் கிடந்த ஆட்டக் குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் பொறுமையாகத் திரட்டியதன் பயனாக, 2024-இல் அவை அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களில் சேர்க்கப்பட்டன; நீக்ரோ லீக் வீரர் ஜோஷ் கிப்சனின் .372, மேஜர் லீக் வீரர் டை காப்பின் .367-ஐப் பின்னுக்குத் தள்ளி, வாழ்நாள் சராசரியில் முதலிடம் பெற்றது. சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியக் கிரிக்கெட் அணிக்கு ஆடுவதற்குமுன் டென்னிஸ் பந்தில் வீசிய யார்க்கர்களை யார் எழுதி வைத்தார்கள்? எங்கள் தெரு ஆட்டங்களின் கணக்கோ சுவரில் கரியால் எழுதப்பட்டு, அடுத்த பொங்கல் வெள்ளையடிப்பில் மறைந்துவிடும்.